நோயில்லாதவளின் மாத்திரை

1945 ஆகஸ்ட்: என் மகள் சுகிர்தத்திற்குக் காய்ச்சல். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகியவற்றில் மாறிமாறி வீக்கம். வயது பதினான்கு. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள்.

1945 நவம்பர்: வீடு திரும்பினாள். இதயத்தின் ஒரு வால்வு பழுதுபட்டிருந்தது. நாள்தோறும் காலையில் ஒரு சல்பா மாத்திரை விழுங்கும்படி உத்தரவு.

1947 மார்ச்: மாத்திரை நிறுத்தப்பட்டது.

1947 ஏப்ரல்: மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது. அம்மாத இறுதியில் காய்ச்சல் திரும்பியது. மறுபடியும் அதே ஆஸ்பத்திரி.

1947 ஜூன்: சுகிர்தம் காலமானாள்.

மேலே உள்ளவை நடந்தவை மட்டுமே. சென்னையில் ஒரு கல்லூரியில் தருக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நடந்ததையும் அதன் காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன். ஆகவே காரணத்தைத் தனியே எழுதுகிறேன். தொண்டை நோவுக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது பெரும்பாலான வீடுகளில் தெரியாது. எங்கள் வீட்டில் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் இது நேர்ந்தது என்பதால்தான் பிறர் படிக்கத் தக்கது என்று கருதுகிறேன்.

ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னை காலியானபோது, நானும் என் மனைவி எஸ்தரும் மகளுடன் திருத்தணிக்கு வந்தோம். எஸ்தரின் தம்பி மணவூரில் இருந்ததால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பழக்கம். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் ஒருவரின் வீட்டில் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தோம். முன்கட்டில் அவர் மனைவி ராஜம்மாவும் இரு குழந்தைகளும் இருந்தார்கள்: மகள் வள்ளி, அவளுக்கு இளையவன் தணிகாசலம். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரே முற்றம், மேலே ஒரே ஓட்டுக் கூரை. அஞ்சியபடி சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் பிடித்துப்போனதால் நாங்கள் திரும்பிப் போகவில்லை. வராத ஆபத்துக்காக வீட்டை மாற்றியவர்கள் என்று சுகிர்தம் எங்களைக் கேலி செய்வாள்.

முதல் காய்ச்சல் வந்தபோது நாங்கள் அதை மலேரியா என்று எண்ணிக் கொயினா கொடுத்தோம். மூட்டு வீங்கிய பிறகே மிஷன் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினோம். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழ் டாக்டர் அம்மாள். குறைவாகப் பேசுவார். சுகிர்தத்தின் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு குழாயின் முனைகளை அவள் காதிலேயே மாட்டிவிட்டார். "சத்தத்துக்கு நடுவுல காத்து ஊதற மாதிரி ஒண்ணு கேக்குதா? அதுதான் பழுது," என்றார். சுகிர்தம் தலையசைத்தாள். எனக்கும் கேட்கக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன்.

நோயின் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். டாக்டர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். தொண்டையில் ஒரு வகைக் கிருமி தங்குகிறது. தொண்டை நோவு இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது. சில வாரங்கள் கழித்து, கிருமியை எதிர்த்துக் கிளம்பிய உடல் தன் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவதுபோல் வீக்கம் கொள்கிறது. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் வடிந்துவிடும். இதய வால்வில் விழுந்த தழும்பு வடியாது. ஒவ்வொரு முறை தொண்டை நோவு வரும்போதும் இது மறுபடி நேரலாம். ஒவ்வொரு முறையும் தழும்பு தடிக்கும்.

இரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிற்க வைப்பார்கள். சிவப்பு கீழே இறங்க, மேலே தெளிந்த நீர் நிற்கும். வேகமாக இறங்கினால் உடலுக்குள் இன்னும் நெருப்பு அணையவில்லை என்று பொருள். அந்தக் குழாயில் சிவப்பு மெதுவாக இறங்கும்வரை சுகிர்தம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று விதித்தார்கள். ஐப்பசி மழை பிடித்த பிறகே இறங்கினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாள் ஒரு புட்டி மாத்திரை தந்தார். சல்பா. சீழ்ப் புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் போர்க்காலத்தில் பேர் வாங்கிய மருந்து. அதை நோயில்லாதவளுக்கு எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உடம்பு நல்லா இருக்கும்போதுதான் சார் இது மருந்து. கிருமி தொண்டையில வந்து உக்காராம இது தடுக்கும். உக்காந்து எழுந்து போனதுக்கப்புறம் கொடுத்தா, இது வெறும் சுண்ணாம்புக் கட்டி. இன்னொரு தடவை காய்ச்சலை இந்த இதயம் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

மாத்திரையோடு நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் மணலாகப் படியும். மாதந்தோறும் ரயிலேறிப் போய் விரலில் குத்தி இரத்தம் பார்க்க வேண்டும். சிலருக்கு இந்த மருந்து வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். இந்த இரண்டும் தவறாமல் நடந்தன. செம்பில் தண்ணீரும் மாத்திரையும் முற்றத்து மாடத்தில் எஸ்தர் வைப்பாள். சுகிர்தம் விழுங்கிவிட்டு என்னைப் பார்ப்பாள்.

ஒரு நாள் சொன்னாள்: "திருடனே வராத வூட்டுக்குத் தெனம் காவல்காரனுக்குச் சோறு போடறோம் நைனா."

"அவன் இருக்கிறதாலதான் திருடன் வரலியோ என்னவோ," என்றேன்.

"அத எப்படி நிரூபிப்பீங்க? நீங்கதான் வாத்தியார்."

நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டேன். தடுக்கும் மருந்தின் இயல்பு அது. அது வேலை செய்ததற்குச் சாட்சி, ஒன்றும் நேராமை. ஒன்றும் நேராததை யாரும் நினைவில் வைப்பதில்லை. இரண்டு குளிர்காலம் இப்படி ஒன்றும் நேராமல் கழிந்தன. அவள் பள்ளிக்குப் போனாள். ஓடக் கூடாது, மலைப்படி ஏறக் கூடாது என்பவை மட்டுமே மீதமிருந்த தடைகள். எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் மலையும் கோபுரமும் தெரியும். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் படியில் வேலை இல்லைதான். ஆனால் மேலிருந்து ரயில் பாதை எதுவரை தெரியும் என்று பார்க்க வேண்டும் என்பாள். ராஜம்மா அதைக் கேட்டுவிட்டு, பதினெட்டு முடியும்வரை பாப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பாமல் இருந்தால் ஆடிக் கிருத்திகைக்குத் தானே காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. முதல் முறை எஸ்தர் மகளோடு ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த மாதங்களில் எனக்குச் சோறு போட்டு, எங்கள் பகுதிக்கும் தண்ணீர் எடுத்து ஊற்றியவள் அவள்.

இந்த ஆண்டு மார்ச்சில், சுகிர்தத்தின் பள்ளியிறுதித் தேர்வுக்குச் சில நாள் முன்பு, வள்ளிக்குச் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அடுப்பில் தாளிப்பு நின்றது. ராஜம்மா முற்றத்தின் அந்த ஓரத்திலேயே நின்று பேசினாள்.

"ஐயா, வள்ளிக்கு ஆத்தா வந்துக்கிறா. பாப்பா மாத்திரைய நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க. அதனால வள்ளிய இட்டுகினு பின்னால மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடறேன். தண்ணி வாத்தப்புறம் உள்ள வரோம்."

அம்மை வந்த கூரைக்குக் கீழே எந்த மருந்தும் புழங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நோயாளிக்கு மட்டுமல்ல, அந்தக் கூரையின்கீழ் உள்ள எவருக்கும். மருந்து கண்டால் தெய்வம் சினந்து கண்ணையோ உயிரையோ எடுத்துப் போகும் என்று நம்பினார்கள். ராஜம்மாவின் மூத்த பிள்ளை ஒன்று அப்படிப் போனதாக அவளே முன்பு எஸ்தரிடம் சொல்லியிருக்கிறாள்.

தகரக் கொட்டகையில் இந்த வெயிலில் குழந்தை எப்படித் தாங்கும் என்று எஸ்தர் கேட்டாள். நான் ஒரு வழி சொன்னேன்: சுகிர்தம் ஸ்டேஷனுக்குப் போய் மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு வரட்டும்.

ராஜம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "ஸ்டேஷன்ல முழுங்கினாலும் வயித்துல வெச்சிகினு வூட்டுக்குத்தானே வருவாங்க?"

மணவூருக்கு மாமா வீட்டுக்குப் போகச் சொன்னாள் எஸ்தர். தேர்வு இங்கே இருந்தது. அதுவரை கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த சுகிர்தம் முற்றத்துக்கு வந்தாள்.

"கொட்டாய்க்கு யாரும் போக வேணாம் ராஜம்மாக்கா," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "நைனா, எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. அவளுக்குத்தான் உடம்பெல்லாம் கொப்பளம். ஒண்ணுமில்லாத நான் மாத்திரை சாப்பிடறதுக்காக, நோயில கெடக்கிறவ மாட்டோட போய்ப் படுக்கணுமா?"

அந்த வாக்கியத்தில் நான் பிழை தேடினேன். நியாயமாகவும் அன்பாகவும் இருந்தது. எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் எஸ்தரைப் பார்த்தேன். சில நாள் விஷயம்தானே என்று இருவரும் எண்ணிக்கொண்டோம். எஸ்தர் புட்டியைத் துணியில் சுற்றி, மாதா கோயில் உபதேசியார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிழை 'இப்ப' என்ற சொல்லில் இருந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

வள்ளிக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்றே தணிகாசலத்துக்குக் கொப்பளம் தென்பட்டது. விலக்கு முதலிலிருந்து தொடங்கியது. சில நாள் என்று நினைத்தது ஒரு மாதத்தை நெருங்கியது. சுகிர்தத்துக்குச் சின்னம்மை சிறு வயதிலேயே வந்து போயிருந்ததால் அச்சமில்லை. தேர்வு எழுதிவிட்டு வந்து குழந்தைகளுக்கு வேப்பங்கொழுந்தால் வருடிக்கொடுத்தாள். வள்ளிக்கு அம்மை இறங்கிய பிறகு தொண்டை வலியும் காய்ச்சலும் இருந்தன. அதுவும் ஆத்தாள் மிச்சம் என்று ராஜம்மா இளநீர் கொடுத்தாள். வள்ளி குடித்துவிட்டு மீதியைச் சுகிர்தத்திடம் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் சுகிர்தத்துக்கு இரண்டு நாள் தொண்டை வலித்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். போய்விட்டது. தணிகாசலத்துக்குக் கடைசித் தண்ணீர் வார்த்த மறுநாள் எஸ்தர் புட்டியை மீட்டு வந்தாள். மாடத்தில் செம்பும் மாத்திரையும் மறுபடி வந்தன. எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்று நினைக்கும்போது, பூட்டிய வீட்டுக்குள் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, வெளியே தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களாக எங்களைக் காண்கிறேன்.

மாதக் கடைசியில் ஒரு காலை சுகிர்தம் செம்பைத் தூக்க முடியாமல் கீழே வைத்தாள். மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது. எஸ்தர் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

டாக்டர் அம்மாள் முதலில் தொண்டையைப் பார்த்தார். பிறகு மார்பைக் கேட்டார். பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்து, மாத்திரை விட்டுப்போனதா என்று மட்டும் கேட்டார். எஸ்தர் அம்மையையும் மாட்டுக் கொட்டகையையும் பற்றிச் சொன்னாள். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அதை விரும்பினேன் என்றும் சொல்லலாம். "எங்க அம்மாவா இருந்தாலும் கொட்டாய்க்குப் போக வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க," என்றார்.

கண்ணாடிக் குழாயில் சிவப்பு விழுந்தது என்றே சொல்ல வேண்டும், இறங்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்ததில் இதயம் முன்பைவிட அகன்றிருந்தது. புதிதாக வந்திருந்த பெனிசிலினை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசியாகப் போட்டார்கள். தொண்டையில் மிஞ்சிய கிருமியை அது கொல்லும், வால்வைத் திருத்தாது என்று முன்பே சொல்லிவிட்டுப் போட்டார்கள். பில்லில் அது தனி வரியாக இருந்தது. அந்த வரியை எஸ்தரின் தம்பி வந்து தீர்த்துவிட்டுப் போனான். தொகையை எங்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

மே மாதம் காத்திருப்பில் போயிற்று. நோயாளிகளின் உறவினர் சமைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. எஸ்தர் கஞ்சி வைத்து வருவாள். நான் வராந்தாவில் இருப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்போம். தமக்கில்லை என்று தெரிந்ததும் உட்காருவோம். தேர்வு முடிவு அங்கேதான் தெரிந்தது. தேறியிருந்தாள். கணக்கில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக எழுதியிருப்பதாக உபதேசியார் பள்ளியில் விசாரித்துக் கடிதம் எழுதியிருந்தார். "ஓடக் கூடாதுன்னு சொன்னதால உக்காந்து படிச்சேன்," என்றாள்.

பழுதான வால்வு இரத்தத்தை முன்னே தள்ளாமல் பின்னே விடும்போது நுரையீரலில் நீர் கோக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே சுகிர்தம் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். இதயத்துக்கு டிஜிடாலிஸ் என்ற சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது துடிப்பை நிதானப்படுத்தும். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. வார்டில் இருந்த தலையணைகள் முதுகுக்குப் போதவில்லை. அடுத்த கட்டிலில் ஆர்.கே.பேட்டை நெசவுக்காரப் பெண்மணி ஒருத்தி இருந்தாள். வழியில் விற்கலாம் என்று அவள் கணவன் கொண்டுவந்த சேலை மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே தூக்கிச் சுகிர்தத்தின் முதுகுக்கு வைத்தாள். "விக்கறப்போ விக்கலாம், நீ சாஞ்சிக்கோ கண்ணு," என்றாள். என் மகள் இறுதிவரை அந்த மூட்டையில்தான் சாய்ந்திருந்தாள்.

ராஜம்மா ஒரு முறை ரயிலேறி வந்தாள். வள்ளியையும் அழைத்து வந்திருந்தாள். கோயில் திருநீற்றைக் கொண்டுவந்தவள், இந்த இடத்தில் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். சுகிர்தம் கை நீட்டி வாங்கித் தலையணை அடியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு என்னை அருகே அழைத்தாள்.

"நைனா, காவல்காரன் மேல தப்பில்ல. நாமதான் லீவு கொடுத்தோம்."

"பேசாதே, மூச்சு வாங்குது," என்றேன்.

"ராஜம்மாக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜூனில் ஒரு காலை, வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, சுகிர்தத்தின் மூச்சு நின்றது. டாக்டர் அம்மாள் வந்து மார்பைக் கேட்டுவிட்டுக் குழாயைக் காதிலிருந்து எடுத்தார். இம்முறையும் நான் கேட்கவில்லை. அவளைத் திருத்தணிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். ராஜம்மா கல்லறைத் தோட்டத்து வாயில்வரை வந்து நின்றாள். பதினெட்டு முடியட்டும் என்று காவடியைத் தள்ளிப்போட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதாக எஸ்தர் வந்து சொன்னாள். "பாப்பாவுக்கு வேண்டிக்கினது, வர்ற கிருத்திகைக்கு நான் எடுக்கத்தான் போறேன்," என்றாளாம். அவள் சுமக்கும் குற்றம் தவறானது. சரியானதைச் சொன்னால் அது இன்னும் கனக்கும். ஆகவே பேசாமல் இருந்தேன்.

இப்போது ஆடி. மலையடிவாரத்தில் பந்தல் போடுகிறார்கள். காவடிக்குக் கட்டும் மணிகள் தெருவில் ஒலிக்கத் தொடங்கிவிட்டன. ஆடிப் பிறப்பை ஒட்டி வள்ளிக்குத் தொண்டை நோவும் இரண்டு நாள் காய்ச்சலும் இருந்தன. நேற்று முற்றத்தில் அவள் ஒரு காலை இழுத்து நடந்தாள். ராஜம்மா, பாண்டி ஆடிச் சுளுக்கிக்கொண்டாள் என்று சொல்லி எண்ணெய் தடவினாள். இன்று காலை அந்தக் கால் சரியாகியிருந்தது. மறு காலின் முழங்கால் சிவந்திருந்தது.

எஸ்தர் பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

செய்யாமல் நிற்பவை:

சுகிர்தத்தின் தேர்வுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து வாங்க வேண்டும்.

சேலை மூட்டையைத் துவைத்து ஆர்.கே.பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மீதமுள்ள மாத்திரைகளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்ப எண்ணியிருந்தேன். அனுப்பக் கூடாது, டாக்டர் அம்மாள் சொல்லும்வரை வைத்திருக்க வேண்டும்.

வள்ளியை நாளைக் காலை ரயிலில் அழைத்துப் போக வேண்டும்.

அதற்குமுன் ராஜம்மாவிடம் பேச வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் வள்ளி மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும், வீட்டுக்கு அம்மையே வந்தாலும் அதை நிறுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவள் கேட்பாள்.